முடிச்சில்லாத பொட்டலம்

துவரம்பருப்பு அரைக் கிலோ என்று கேட்டால் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி முதலில் போடுவது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். தகரக் குவளையால் ஒரே அள்ளு. எடைக்கல் இருக்கும் தட்டு கீழேயே நிற்கும். பிறகு குவளையை ஓரமாக வைத்துவிட்டுச் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுப்பார். விரலிடுக்கு வழியே பருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டில் சொரிவார். தராசு முள் மெல்ல அசைந்து நடுவுக்கு வரும். முள் நேராக நின்ற பிறகு, உள்ளங்கையில் ஒட்டியிருக்கும் நாலைந்து பருப்பைச் சாக்கில் உதற மாட்டார், தட்டில்தான் உதறுவார். முள் ஒரு மயிரிழை எங்கள் பக்கம் சாயும்.

மதுரையில் எங்கள் வீட்டுக்கு அதைவிடப் பக்கத்திலேயே இன்னொரு கடை இருந்தது. அங்கே முதலில் குவித்துப் போட்டு, முள் சாய்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி எடுப்பார்கள். எடையில் குற்றம் சொல்ல முடியாது. அம்மா வீட்டுப் பழைய படியில் இரண்டு கடைப் பருப்பையும் போட்டுப் பார்த்தே அதைச் சொன்னாள். இருந்தாலும் என்னை அண்ணாச்சி கடைக்குத்தான் அனுப்புவாள். ஏன் என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. "அங்க வாங்குனா மனசு நிறையுது" என்பாள், அவ்வளவுதான்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஒரு நாள் கடையில் கூட்டமில்லை. "ஏன் அண்ணாச்சி, மொதல்லயே நெறையப் போட்டுட்டா என்ன?" என்று கேட்டேன். அவர் பருப்பு சொரிகிற கையை நிறுத்தவில்லை. "போட்டத எடுத்தா கொறையுதுன்னு தோணும் தாயி. வாங்குறவுக கண்ணு தட்டுமேலதான இருக்கும்? கூடுறதத்தான் அது பாக்கணும்" என்றார். சொல்லிவிட்டு, "வேற என்ன வேணும்?" என்று அடுத்த சாமானுக்குப் போய்விட்டார்.

எனக்கு அன்று அது விளங்கவில்லை. தாள் மடிப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய செய்தித்தாளைச் சதுரமாகக் கிழித்து, ஒரு மூலையைச் சுருட்டிக் கூம்பாக்கி, பருப்பைக் கொட்டி, இரண்டு தட்டுத் தட்டி உட்கார வைத்து, மேல்விளிம்பை மூன்று மடிப்பாக மடக்குவார். உத்தரத்தில் ஆணியில் தொங்கும் தகர டப்பாவுக்குள் நூல்கண்டு இருக்கும். அடியிலுள்ள ஓட்டை வழியாக நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். அதைப் பிடித்து இழுத்தால் கண்டு உள்ளே கடகடவென்று உருளும். பொட்டலத்துக்கு நெடுக்காக இரண்டு சுற்று, குறுக்காக ஒரு சுற்று. நூலைச் சுண்டுவிரலில் ஒருமுறை வளைத்து ஒரு வெட்டு. கத்தரிக்கோல், பல் எதுவும் வேண்டாம். பட்டென்று அறும்.

அதற்குப் பிறகு அவர் செய்கிற காரியத்தை எத்தனையோ நாள் பார்த்தும் நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். அவர் முடிச்சே போட மாட்டார். அறுந்த நுனியைச் சுற்றிய நூலுக்கு அடியில் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளிச் செருகிவிடுவார். வழியெல்லாம் ஆட்டிக்கொண்டு போனாலும் பொட்டலம் பிரியாது. வீட்டில் அம்மா அடுப்படியில் நின்று அந்த நுனியை ஒரே இழுப்பு இழுத்தால் நூல் முழுசாகக் கையோடு வரும். அதை ஒரு குச்சியில் சுற்றி வைத்துக்கொள்வாள். பூக்கட்டவும், பரணில் பழைய நோட்டுகளைக் கட்டிவைக்கவும் அந்த நூல்தான். கடையில் இருக்கும்போதே, வீட்டில் பொட்டலத்தைப் பிரிக்கப்போகிற ஈரக்கையை அவர் நினைத்திருக்கிறார். அந்தக் கைக்காரியை அவர் பார்த்ததுகூட இல்லை.

பிறகு நான் பத்திரிகை வேலைக்கு வந்தேன். புதிதாக எழுதுகிறவர்களின் கட்டுரைகளைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பது என் பங்கு. முதல் சில வருஷம், வந்தவர்களை உட்கார வைத்து, "நல்லா எழுதியிருக்கீங்க, நடை பிரமாதம்" என்று ஆரம்பித்து, பிறகு ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டு வருவேன். நல்ல மனசோடுதான் செய்தேன். எதிரே இருக்கிற முகம் வாடிக்கொண்டே போகும். ஒரு பெண் தன் தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்தபோது எனக்கு அந்த இன்னொரு கடைத் தராசு கண்முன் வந்தது. குவித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறேன்! மறுநாளிலிருந்து முறையை மாற்றினேன். எங்கே இடறுகிறது என்பதை முதலில் நேராகச் சொல்லிவிடுவேன். பிறகு, இந்த வரி இருக்கிறதே, இது நிற்கும். இந்தச் சொல்லை வேறு யாரும் இங்கே போட்டிருக்க மாட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கூட்டுவேன். எழுந்து போகும்போது தட்டு அவர்கள் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அண்ணாச்சி சொல்லி அதற்குள் இருபது வருஷம் ஆகியிருந்தது.

நல்ல பந்தியில் பரிமாறுகிறவர்கள் செய்வதும் இதுதான். கூட்டை இலையில் குவிக்க மாட்டார்கள். அளவாக வைத்துவிட்டு, சாப்பிடுகிறவர் கை அந்தப் பக்கம் போகிற நேரம் பார்த்து மறுபடி வாளியோடு வந்து நிற்பார்கள்.

பூக்காரம்மாவிடம் கற்றது வேறு வகை. எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் திண்ணையை ஒட்டி உட்கார்ந்திருப்பார். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாளில் படித்துவிட்டு எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவருடைய வலது கால் பெருவிரல்தான். ஈர வாழைநாரின் ஒரு நுனியை அந்த விரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருப்பார். இடது கையில் இரண்டு மொட்டு இந்தப் பக்கம் தலை வைத்து, இரண்டு மொட்டு அந்தப் பக்கம் தலை வைத்து. நாரை ஒரு வளை வளைத்து நான்கு காம்புக்கும் மேலாக எடுத்து உள்ளே வாங்கி ஒரு இழு. அடுத்த நான்கு. பேச்சு எங்கேயோ இருக்கும், கண் தெருவில் இருக்கும், சரம் மட்டும் மடியில் வளர்ந்துகொண்டே போகும்.

எனக்கும் கட்டச் சொல்லிக் கொடுத்தார். என் சரம் ஒன்று அறுந்தது, இல்லாவிட்டால் உதிர்ந்தது. இறுக்கினால் காம்பு நறுக்கென்று போய்விடும், தளர்த்தினால் மொட்டு நழுவும். "எம்புட்டு இழுக்கணும்?" என்றேன். "பூ சொல்லும்" என்றார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. பூ எப்படிச் சொல்லும்? பத்து நாள் கட்டிய பிறகு ஒரு சாயங்காலம் விரலுக்குப் புரிந்தது. நாரை இழுக்கும்போது காம்பு முதலில் எதிர்த்து நிற்கும், பிறகு ஒரு சின்ன இணக்கம் காட்டும். அந்த இணக்கத்தில் கையை நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு நூலளவு போனால் அறுந்துவிடும். இதை எந்த வாயாலும் சொல்லிக் கொடுக்க முடியாது. அந்த அம்மாள் சொன்ன இரண்டு சொல்தான் அதற்கு மிகச் சரியான விளக்கம்.

மல்லியை விடியுமுன்னே மொட்டாகப் பறித்துச் சந்தைக்கு அனுப்புவார்கள். மொட்டாகவே கட்டுவார்கள். விரிவது ராத்திரி, சூடியவள் தலையில். அவர் விற்கிற பூவின் முழு மணத்தை அவர் முகர்ந்ததே கிடையாது என்று ஒருநாள் எனக்குத் தோன்றி, அதை அவரிடமே சொன்னேன். "எங்கிட்ட விரிஞ்சா அது விக்காத பூவுடீ" என்று சிரித்தார். என் மகன் வெளியூருக்குப் படிக்கப் போன நாளில் பேருந்து நிலையத்திலிருந்து திரும்பி வரும்போது, இதே வார்த்தை காதில் விழுந்தது போலிருந்தது. அழுதுகொண்டே வந்தவள், பாதி வழியில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நம் நாட்டில் 1956-இல் எடை அளவுச் சட்டம் வந்து, கிலோவும் லிட்டரும் மீட்டரும் பழக்கத்துக்கு வந்தன. படியும் வீசையும் துலாமும் கடைகளிலிருந்து போய்விட்டன. பூக்கூடையில் மட்டும் முழம் நின்றுவிட்டது. பூக்காரம்மா முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் சரத்தைப் பிடித்து அளப்பார். என்னைப் போன்ற சிறு பிள்ளைகள் வாங்கப் போனால், "உன் கையால அளந்தா உனக்குத்தான் நட்டம்" என்று தன் நீளக் கையாலேயே அளப்பார். நறுக்குகிற இடத்துக்கு அப்பால் இரண்டு கண்ணி தள்ளித்தான் நறுக்குவார். அந்த இரண்டு கண்ணியில் எட்டு மொட்டு. அதற்குக் காசில்லை.

தையற்காரரைப் பற்றி ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடத்து நீலப் பாவாடைக்குத் துணி கொண்டுபோனால், "வளர்ற பிள்ள" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே அளவெடுப்பார். கீழ்விளிம்புக்கு மேலே வரிசையாக இரண்டு டக் பிடித்துத் தைப்பார். வருஷத்துக்கு ஒரு டக் பிரிப்போம். வெயிலிலும் சவுக்காரத்திலும் வெளுத்த பாவாடையில், அத்தனை நாள் மடிப்புக்குள் ஒளிந்திருந்த துணி மட்டும் புதுத்துணியின் கருநீலத்தில் ஒரு பட்டையாகத் தெரியும். காலையில் இறைவணக்கத்துக்கு வரிசையில் நிற்கும்போது முன்னே நிற்பவளின் பாவாடையைப் பார்த்தே அவள் இரண்டு வருஷத்தில் எத்தனை விரற்கடை வளர்ந்தாள் என்று சொல்லிவிடலாம். துணியைக் கொடுத்த நாளிலேயே அந்த வளர்ச்சிக்கு இடம் விட்டு வைத்தவர் அவர். வேலைத் திட்டம் போடும்போதும், ஒருவருக்கு வாக்குக் கொடுக்கும்போதும் உள்ளே இரண்டு டக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது எனக்கு வழக்கமாகிவிட்டது.

இவர்கள் யாரும் பாடம் நடத்தவில்லை. ஒருவர் நேருக்கு நேர், அதுவும் சுருக்கென்று தைக்கிற மாதிரி சொல்லி, கேட்டவர் வாழ்க்கையே திரும்பிய கதை ஒன்று நம் எல்லோருக்கும் தெரியும். 1880-ஆம் வருஷம் அக்டோபர் 21. கும்பகோணம். அங்கே முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க, கல்லூரியில் புதிதாகத் தமிழ் வேலைக்கு வந்திருந்த உ.வே. சாமிநாதையர் போகிறார். வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று பெரிய வரிசையாக அடுக்கினார். முதலியார் முகத்தில் அசைவில்லை. இவற்றால் என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்றார். இவர் அந்த ஏடுகளைப் பார்த்ததே கிடையாது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் முதலியாரின் கேள்வியைத்தான் பாராட்டுவார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் எனக்கு அந்தக் கேள்வியைவிட, அதற்குப் பிறகு வந்த இரவு பெரிதாகப் படுகிறது. அத்தனை படித்த இளைஞர் ஒருவர், முதல் சந்திப்பிலேயே இப்படிக் கேட்டுவிட்டாரே என்று கசந்துபோய் ஒதுங்கியிருக்கலாம். அவர் திரும்பப் போனார். சிந்தாமணிப் பிரதியை முதலியாரிடமே வாங்கிக்கொண்டார். அவருக்கே அதைப் படித்துப் பொருள் சொல்லத் தொடங்கினார். சமண சமயச் செய்திகள் புரியாத இடங்களில், கும்பகோணத்தில் இருந்த சமணர் வீடுகளைத் தேடிப் போய் உட்கார்ந்து கேட்டார். ஏழு வருஷம் கழித்து, 1887-இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. முதலியார் கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு நூலாக விடை எழுதிக்கொண்டே வந்தது போல இருக்கிறது.

இன்னொரு நயம் உண்டு. ஐயர் தம் வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940-இல். அந்தச் சந்திப்பு நடந்து அறுபது வருஷம் ஆகியிருந்தது. கிழமை, தேதியோடு அந்த நாளைக் குறித்திருக்கிறார். தாம் அடுக்கிய வரிசை, எதிரே இருந்தவரின் அலட்சியம், தமக்குள் எழுந்த தவிப்பு எதையும் மெழுகிவிடவில்லை. தம்மைச் சிறிதாக உணர வைத்த நாளையே தம் வாழ்வின் பெரிய நாளாக எண்பத்தைந்து வயதில் வைத்துப் போற்றினார். அப்படி வாங்கிக்கொள்ளத் தெரிந்தவரிடம் விழுந்ததால்தான் அந்தச் சொல் முளைத்தது.

கேட்காமலே கற்றுக்கொண்டவர் என்றால் பாகவதத்துப் பதினோராம் கந்தத்தில் வருகிற அவதூதர். தமக்கு இருபத்துநான்கு குருமார் என்று யது மன்னனிடம் கணக்குச் சொல்கிறார். பூமி, காற்று, கடல், மலைப்பாம்பு, தேனீ, பக்கத்தில் அரசன் போனதுகூடத் தெரியாமல் அம்பு செதுக்கியவன் என்று போகிற அந்த வரிசையில் ஒரு பெண் வருகிறாள். அவளைப் பெண்பார்க்க வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது. மற்றவர்கள் வெளியே போயிருக்க, விருந்தினருக்குச் சமைப்பதற்கு அவளே தனியாக உள்ளே நெல் குத்துகிறாள். கைவளை கலகலக்கிறது. தானே குத்துகிற நிலைமை வந்தவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று கூசி, வளைகளை ஒவ்வொன்றாக உடைக்கிறாள். கைக்கு இரண்டு மிஞ்சியும் சத்தம் வருகிறது. இன்னும் ஒன்றை உடைக்கிறாள். ஒற்றை வளை ஒலிக்கவில்லை. தனிமையே அமைதி என்று அவதூதர் எடுத்துக்கொண்டார். துறவிக்கு அது பொருந்தும். நான் அந்த இடத்தைப் படிக்கும்போது நிற்பது அந்தக் கூச்சத்தில்தான். வீட்டு இல்லாமை விருந்தாளி காதில் விழுந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு வளையாக உடைத்த அந்தக் கை எனக்கு மிகவும் தெரிந்த கை.

என் அப்பத்தாவின் கை அது. அவள் "இல்லை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. அரிசிப் பானை காலியானால், "அரிசி நெறஞ்சுபோச்சு, வாங்கியாரணும்" என்பாள். விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டாள், "வெளக்கக் குளிர வையி" என்பாள். வாசலில் இறங்குகிறவர்கள் "போறேன்" என்றால் படியைத் தாண்ட விட மாட்டாள். "வர்றேன்னு சொல்லு" என்று நிறுத்தி, சொன்ன பிறகுதான் விடுவாள். பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலில் இதற்கு மங்கல வழக்கு என்று பெயர் என்பதும், இறந்தார் என்பதைத் துஞ்சினார் என்பது அதற்குக் காட்டப்படும் உதாரணம் என்பதும் கல்லூரியில் படித்தபோது எனக்குத் தெரியவந்தது. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அப்பா ஆஸ்பத்திரியில் இறந்த இரவு, வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவள் பெற்ற ஒரே பிள்ளை. வாசற்படி வரை எனக்கு ஒரு வார்த்தையும் அகப்படவில்லை. அவள் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அப்பா அசந்து தூங்கிட்டாங்க அப்பத்தா" என்றுதான் வாயில் வந்தது. அவள் கை என் கைக்குள் ஒருமுறை இறுகித் தளர்ந்தது. ரொம்ப நேரம் கழித்து, "வலி இல்லாமயா?" என்று கேட்டாள். "ஆமா அப்பத்தா" என்றேன். அவள் எனக்குக் கொடுத்த சொல்லைத்தான் அன்றைக்கு அவளிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மூச்சடங்கும் வரை அவள் அதை அவிழ்த்துக் கேட்கவில்லை.

இவ்வளவும் சொன்னேன். அர்த்தம் இன்னும் எனக்கு வந்து சேராத ஒன்றும் இருக்கிறது. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்ததும் அப்பத்தா கையில் கடைசியாகக் கொஞ்சம் மாவு நிற்கும். கொட்டாங்குச்சியில் திருப்பிப் போட மாட்டாள். கோலத்திலும் சேர்க்க மாட்டாள். நிலைப்படியின் இடது பக்கம், யார் காலும் படாத மூலையில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரே ஒரு புள்ளி வைப்பாள். அதற்கு வரிசையும் கிடையாது, சுற்றிக் கோடும் கிடையாது. "இது எதுக்கு அப்பத்தா?" என்று நான் கேட்டதுண்டு. "இருக்கட்டுமே" என்பாள், குனிந்த வாக்கிலேயே.

இப்போது அடுக்குமாடியில் மூன்றாம் மாடி. வாசல் என்பது கதவுக்கு வெளியே இரண்டு அடி கல்தரை. அரிசி மாவில் சின்னக் கோலமாக நான்கு புள்ளி வைத்து முடிக்கிறேன். முடித்து எழும்போது விரலிடுக்கில் மாவு மிஞ்சுகிறது. கை தானாக இடது மூலைக்குப் போகிறது.